ரெண்டு அட்டை அண்ணனின் கடைசி அட்டை

மேடையில் வீற்றிருக்கும் ஆவண நிலையத் தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுப் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் மகளே, மருமகனே, மூன்றாவது வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தையல்காரம்மா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற நாடகக் கலைஞர்களே, அச்சக நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான்கு நல்ல வார்த்தை சொல்லி, அழுகை வந்தால் அழுதுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். மேடை ஏறினேன், பதாகையைப் பார்த்தேன், வந்த அழுகை வந்த வழியே போய்விட்டது. எனக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்களே, நீங்களே படியுங்கள். "திரைப்பட ஆவணக் காவலருக்குக் கண்ணீர் அஞ்சலி." யாருக்கு? திரைப்பட ஆவணக் காவலருக்கா? நம் அண்ணன் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தது நாடகப் பிரிவில்! திரைப்படப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான்! அப்படியானால் இந்தப் பதாகை எனக்கு. உயிரோடு இருக்கும்போதே எனக்குக் கண்ணீர் அஞ்சலி செலுத்திய நிர்வாகத்துக்கு என் நன்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அண்ணனும் சிரித்திருப்பார். சிரித்துவிட்டு, "சுருளு, போய் அந்தத் துணிய இறக்கச் சொல்லுடா" என்றிருப்பார். சுருள் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். நாள் முழுக்கப் படச்சுருளோடு கிடப்பவன் என்பதால். நாடகம் வேறு, படம் வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று வாழ்நாள் முழுவதும் மன்றாடிய மனிதரை, கண் மூடிய நாலாம் நாளே கொண்டுபோய்ப் படத்தில் சேர்த்துவிட்டார்களே! இது அடுக்குமா?

அவருக்கு "ரெண்டு அட்டை" என்று பெயர் வந்த கதை இங்கே பலருக்குத் தெரியாது. எங்கள் நிலையத்தில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு கதவு. அந்தப் பக்கம் பச்சை அலமாரிகள், மேடை நாடகங்களுக்கு. இந்தப் பக்கம் சாம்பல் நிற அலமாரிகள், படங்களுக்கு. ஒவ்வொரு தலைப்புக்கும் விவரம் எழுதி வைத்த ஓர் அட்டை. பழைய சுருள் கெட்டுப்போனால் வினிகர் மாதிரி புளித்த காடி வாடை வரும். அதனால் அவர் அந்தக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார். திறந்தால் சண்டைக்குத்தான் திறப்பார்.

சண்டை எப்போதும் ஒன்றே. ஒரு நாடகம் நன்றாக ஓடும். அதே தலைப்பில், அல்லது பக்கத்தில் வருகிற மாதிரி ஒரு தலைப்பில், பிறகு ஒரு படம் வரும். சில சமயம் அதே கதை. பல சமயம் கதைக்கும் கதைக்கும் ஸ்நானப் பிராப்தி கூட இருக்காது. நான் சோம்பேறி. "ஒரே அட்டையில எழுதிடலாமே அண்ணே" என்பேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அது வைக்கப்பட்டால் எனக்கு அன்றைக்கு வேலை ஓடாது என்று அர்த்தம்.

"ஏன்டா, ரெட்டைப் புள்ளை பொறந்தா ஒரே பேர் வெச்சு ஒரே சட்டைய மாட்டி விடுவியா?"

"கதை ஒண்ணுதானே அண்ணே?"

"மாமனாரும் மருமகனும் ஒரே வீட்டுலதான் இருக்காங்க. அதுக்காக ரெண்டு பேரும் ஒரே ஆளா? உங்க வீட்டுல போய் இதச் சொல்லிப் பாரு, நாளைக்கு வேலைக்கு முழுசா வர்றியான்னு பாக்கறேன்!"

அவ்வளவுதான். இரண்டு அட்டை எழுதப்படும். இப்படி எழுதி எழுதித்தான் அவர் ரெண்டு அட்டை ஆனார். முதலில் கேலிக்கு வைத்தோம். பிறகு அண்ணியே தொலைபேசியில் "ரெண்டு அட்டை இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். உண்டா இல்லையா அண்ணி?

தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு எது நாடகம், எது படம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? துண்டுப்பிரசுரம் இருந்தால் கவலையில்லை. அங்கம் என்று போட்டிருந்தால் நாடகம், ரீல் என்று போட்டிருந்தால் படம். காகிதமே இல்லாமல் வெறும் ஞாபகத்தோடு மட்டும் ஒருவர் வந்தால்? அதற்கும் அண்ணனிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு ஈடாக ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. "நீங்க கைதட்டினப்போ அவங்க நின்னாங்களா?"

புரிகிறதா? மேடையில் ஒரு வசனத்துக்குக் கைதட்டல் எழுந்தால் நடிகர் நிற்பார், ஓசை அடங்கும்வரை காத்திருப்பார், பிறகுதான் அடுத்த வசனம். படம் நிற்குமா? நீங்கள் தட்டினாலும் ஓடும், தூங்கினாலும் ஓடும், அரங்கமே காலியாகி வீட்டுக்குப் போனாலும் ஓடும்.

ஒரு பெரியவர் வந்தார். தான் பார்த்தது படம்தான் என்று ஒரே பிடிவாதம். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அவரே பேச்சுவாக்கில், "சண்டைக் காட்சியில அவனுக்கு மீசை ஒரு பக்கம் கழண்டுக்கிச்சுங்க. ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டே சத்தியம் பண்ணினான் பாருங்க, நாங்கல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம். நாங்க முடிக்கிற வரைக்கும் பாவம் நின்னான்" என்றார். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஐயா, பச்சை அலமாரி" என்றார். அந்த அட்டையில் மீசை கழன்ற செய்தியும் இருக்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

இதெல்லாம் சிரிப்பு. இனி சொல்லப்போவது சிரிப்பல்ல.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம், கையில் துணிப்பையோடு ஓர் அம்மா வந்தார். தையல் வேலை பார்த்து ஓய்ந்தவர். இதோ, மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறாரே, இவர்தான். "நான் ஒரு நாடகம் எழுதினேங்க. இங்க அதப் பத்தி ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார். நாடகத்தின் பெயர் "சாவி யாரிடம்." பெயரைக் கேட்டதும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த நான் எட்டிப் பார்த்து, "அது படம்தானே அம்மா! 'சாவி யார் கையில்.' பயங்கர காமெடி! ஒரு பெட்டி, ரெண்டு மாப்பிள்ளை!" என்றேன். அந்த அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தைத்த துணியைக் கணக்கு வைக்கத் தொழிற்சாலையில் கொடுத்த நோட்டு. அதன் பின்பக்கங்களில் மூன்று அங்கம், பென்சிலில். இவர் வேலை செய்த தையல் தொழிற்சாலையில், ஆட்கள் இடையில் வெளியே போய்விடக் கூடாது என்று மேற்பார்வையாளர் வாசலைப் பூட்டி வைப்பது வழக்கம். ஒருநாள் தீப்பிடித்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஒன்பது பெண்கள் வெளியே வரவில்லை. விசாரணையில் ஒவ்வொருவரும் சாவி என்னிடம் இல்லை, அவரிடம்தான் என்று கைகாட்டிக் கைகாட்டி, கடைசியில் சாவி யாரிடமும் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். அன்றைக்குக் காய்ச்சலில் வேலைக்குப் போகாமல் தப்பித்தவர் இந்த அம்மா. அப்போது வயது இருபத்திரண்டு. பிழைத்த தோழிகள் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு, நாடகம் எழுதி, நடித்து, பதினோரு முறை மேடையேற்றினார். கடைசிக் காட்சியில் ஒன்பது பேரும் வரிசையாக நின்று, இறந்தவர்கள் உட்கார்ந்து தைத்த மெஷின் எண்களைச் சொல்வார்கள். நாலாம் மெஷின். ஏழாம் மெஷின். பன்னிரண்டாம் மெஷின். அதோடு நாடகம் முடியும்.

அண்ணன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "கைதட்டினப்போ நின்னீங்களாம்மா?"

"யாரும் கைதட்டலைங்க" என்றார் இவர். "முடிஞ்சதும் ஒரு சத்தம் இல்ல. எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நாங்க பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருந்தோம். அப்புறம் ஒருத்தர் எந்திரிச்சாரு. அவரப் பாத்து இன்னொருத்தர். எல்லாரும் எந்திரிச்சு நின்னதுக்கு அப்புறம்தான் திரைய இழுத்தோம்."

அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அந்தச் சின்ன அறையில், அலமாரிகளுக்கு நடுவில், கைகட்டி நின்றார். நான் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தேன். பிறகு உட்கார்ந்து அட்டை எழுதினார். அந்த அம்மா போன பிறகு என்னிடம், "காமெடியாம்ல?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்தப் படம் வந்தது நாடகத்துக்கு ஆறு வருடம் கழித்து. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தலைப்பு மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. படம் ஓடியது, நன்றாகவே ஓடியது, அதன் மேல் எனக்குப் பகையில்லை. அது என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

போன வருடம் நிலையத்தில் கணினி வந்தது. வரட்டும், நல்லதுதான். அந்தக் கணினி எல்லாத் தலைப்புகளையும் மேய்ந்துவிட்டு, ஒன்றுபோல் இருக்கிற இருநூற்றுப் பதினான்கு ஜோடிகளைப் பட்டியல் போட்டுத் துப்பியது. ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே, "இரண்டும் ஒன்றா?" என்று ஒரு கட்டம். தலைவர் அவர்கள் உத்தரவு போட்டார்: "ஒரு தலைப்பு, ஒரு பதிவு. வர்றவங்களுக்கு எளிமையா இருக்கணும்." எளிமையாம்! யாருக்கு எளிமை? இரண்டு பிரிவுக்காரர்களும் சரிபார்த்துத்தான் ஒப்புதல் தர வேண்டும் என்பது விதி. அண்ணன் கண் அறுவை சிகிச்சைக்காக விடுப்பில் இருந்தார். "அவர் வந்தா ரெண்டு வருஷம் இழுப்பார், நீங்க ஒருத்தர் போட்டாப் போதும்" என்றார்கள்.

போட்டவன் யார் தெரியுமா? நான். இந்த நான்! இருநூற்றுப் பதினான்கு கட்டங்களிலும் ஒரே மதியத்தில் 'ஆம்' என்று குறி போட்டேன். நாலு மணி டீ வருவதற்குள் முடித்துவிட்டுக் கையையும் தட்டிக்கொண்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை. இன்று நிர்வாகத்தைக் கேள்வி கேட்கிறேனே, அதைவிடப் பெரிய கேள்வியை என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணி, உங்கள் முன்னால் இதைச் சொல்லாமல் இந்த மேடையில் நிற்க எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணன் திரும்பி வந்தார். புதுக் கண்ணால் அவர் முதலில் பார்த்தது, தன் பச்சை அலமாரியில் இருநூற்றுப் பதினான்கு அட்டைகளில் "நீக்கப்பட்டது" என்ற முத்திரை. கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. நடுக்கதவைத் திறந்து, "சுருளு, காலி அட்டை ஒரு கட்டு குடு" என்றார். ஏழு மாதம்! ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். மருத்துவர் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அண்ணி கெஞ்சினார். "நான் போடற அட்டை இல்ல, அவன் போட்ட குறிதான் கண்ண உறுத்துது" என்றாராம். ஒவ்வோர் அட்டையிலும் என் கையெழுத்து, தலைவர் கையெழுத்து, இரண்டும் வேண்டும். இருநூற்றுப் பதின்மூன்று அட்டைகளுக்குக் கிடைத்தது. கேட்பாரற்ற நாடகங்கள், கேட்பாரற்ற படங்கள். போடுவதில் யாருக்கும் சிரமமில்லை.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது, 'சாவி யாரிடம்' அட்டை. ஏன்? 'சாவி யார் கையில்' படத்துக்கு இது ஐம்பதாவது வருடம். நம் நிலையத்தில் வருகிற வெள்ளிக்கிழமை கண்காட்சி திறக்கிறார்கள். பலகை தயாராகிவிட்டது, மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்திருக்கிறார்கள், போகும்போது பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது? "முதலில் நாடகமாகவும் பின்னர் படமாகவும் மக்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த அமர காவியம். எழுத்து, இயக்கம்" என்று போட்டு, படம் எடுத்தவரின் பெயர்.

வயிறு குலுங்கச் சிரிக்க வைத்ததா! ஒன்பது பெண்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் எரிந்துபோன நாடகமா? பதினோரு முறை மேடையேறி, ஒரு முறைகூடக் கைதட்டல் வாங்காத நாடகமா? எழுதியவர் இங்கே உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் ஐயா! எழுபத்தெட்டு வயது. அந்தப் பலகையைக் கடந்துதானே இந்த அம்மா இந்த மண்டபத்துக்குள் வந்திருப்பார்? அதை வாசித்திருப்பாரே! வாசித்துவிட்டும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அண்ணன் படத்துக்குப் பூ வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரே! நமக்கெல்லாம் முகம் என்று ஒன்று இருக்கிறதா?

இந்த ஓர் அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் என்னிடம் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நான், "கண்காட்சி முடியட்டும் அண்ணே, அப்புறம் பாத்துக்கலாம், எதுக்கு இப்போ பொல்லாப்பு" என்றேன். தலைவரிடம் எத்தனை முறை போனார் என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து ஒரு முறை வெளியே வந்தபோது, "பலகை அச்சாயிடுச்சாம்டா" என்றார். "பலகை அச்சானா என்ன, அது என்ன கல்வெட்டா?" என்று அவரே கேட்டுக்கொண்டு போனார். போன வியாழக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. கண்காட்சி முடியட்டும் என்றேனே! அண்ணன் முடிந்துவிட்டார்.

இதோ பாருங்கள், எனக்கு ஒரு துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. "நேரமாகிவிட்டது, சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன் ஐயா, முடிக்கத்தான் போகிறேன். ஆனால் இரண்டைச் சுருக்கி ஒன்றாக்கப் போய்த்தானே இவ்வளவு வினையும்?

மருத்துவமனையில் அண்ணன் சட்டையை மடித்து அண்ணியிடம் கொடுத்தார்கள். சட்டைப் பையில் இந்த அட்டை இருந்தது. இன்று காலை அண்ணி என்னைக் கூப்பிட்டு, "இது உங்க ஆபீஸ் சமாச்சாரம் தம்பி" என்று என் கையில் கொடுத்தார். அவர் அழவில்லை. அட்டையை அங்கேயே நின்று படித்தேன். ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள்.

"சாவி யாரிடம். மேடை நாடகம். மூன்று அங்கம். நடித்தவர்கள் ஒன்பது பெண்கள், எல்லோரும் தையல் தொழிலாளர்கள். பதினோரு முறை மேடையேறியது. எழுதியவர்," என்று போட்டு, இந்த அம்மாவின் முழுப் பெயர், தகப்பனார் பெயரோடு. "மூலப்படி: துணிக்கணக்கு நோட்டு, பென்சில், நல்ல நிலையில். 'சாவி யார் கையில்' என்ற திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அதற்குத் தனி அட்டை உண்டு. குறிப்பு: கைதட்டல் இல்லை. பார்த்தவர்கள் எழுந்து நின்றார்கள்."

அவ்வளவுதான். கீழே ஒப்புதலுக்கு இரண்டு கோடுகள். முதல் கோட்டில் இன்று காலை அண்ணி முன்னால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அண்ணன் மூன்று முறை கேட்டும் நான் மறுத்த கையெழுத்து, அவர் போன பிறகு போட்ட கையெழுத்து. அதை நினைத்தால் எனக்கே என் மேல் வெறுப்பாக இருக்கிறது. ஆனாலும் போட்டுவிட்டேன். இரண்டாவது கோடு காலியாக இருக்கிறது.

இந்த மாதிரிக் கூட்டங்களில், அன்னார் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது வழக்கம். நானும் சொல்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு நடுக்கதவைத் திறந்து வைப்பேன். காடி வாடை வந்தாலும் சரி, இனி அது சாத்தப்படாது. பச்சை அலமாரியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். தலைப்பு ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக எந்த இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். எவன் கேட்டாலும் இரண்டு அட்டை எழுதுவேன். நாளை என்னையும் ரெண்டு அட்டை என்று கூப்பிடுங்கள். அந்தப் பெயருக்கு நான் இன்னும் தகுதியில்லை, கூப்பிடக் கூப்பிடத் தகுதி வருகிறதா பார்ப்போம்.

தலைவர் அவர்களே, மேசையில், தங்கள் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் அட்டையை வைக்கிறேன். பேனாவையும் வைக்கிறேன், மூடி திறந்துதான் இருக்கிறது. தாங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். நானும் கெட்டவன் இல்லை. இருந்தும் இது நடந்தது.

இனி மௌன அஞ்சலி. எல்லோரும் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். அம்மா, நீங்கள் உட்கார்ந்திருங்கள், இன்று நாங்கள் நிற்கிறோம். வழக்கமாக இரண்டு நிமிடம் என்பார்கள். இன்று எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். அது தலைவர் கையில் இருக்கிறது.